பால் கொடுக்கும் முன் என்னதான் வாங்கி வைப்பது?

பச்சிளம் குழந்தைக்குப் பாலூட்டுவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாலைப் பற்றிக் கேட்டவர்களைவிடச் சாமான்களைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே போகிறது. பதில் சொல்பவர், பிரசவ வார்டுகளில் பல வருடம் வேலை பார்த்த பாலூட்டல் ஆலோசகர்.

எனக்கு எட்டாவது மாதம். ஆன்லைனில் ஒரு பட்டியலைப் பார்த்து எலக்ட்ரிக் பிரெஸ்ட் பம்ப், நான்கு பாட்டில், ஸ்டெரிலைசர், பாட்டில் வார்மர், ஃபீடிங் தலையணை, பால் சேமிக்கும் பைகள், காம்புக்குப் போடும் கிரீம் எல்லாவற்றையும் கார்ட்டில் போட்டு வைத்திருக்கிறேன். 15,000 ரூபாயைத் தாண்டுகிறது. "உன்னை வளர்க்க நான் என்னத்தடி வாங்கினேன்" என்கிறார் அம்மா. எதற்கும் இருக்கட்டும் என்கிறார் கணவர். யார் சொல்வதைக் கேட்பது? – வாசகி, கோவை

இந்த விஷயத்தில் நான் உங்கள் அம்மா கட்சி. கார்ட்டில் இருப்பதை அழிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும், பணம் மட்டும் கட்டாதீர்கள். அதில் எது தேவைப்படும் என்பது குழந்தை பிறந்து ஒரு வாரம், பத்து நாள் போன பிறகுதான் தெரியும். அப்போது ஆர்டர் போட்டால் இரண்டு நாளில் வீட்டு வாசலுக்கு வந்துவிடப் போகிறது. கோவையில் இருக்கிறீர்கள், பாதிச் சாமான் தெருமுனை மெடிக்கலிலேயே கிடைக்கும்.

முதலில் பம்பை எடுத்துக்கொள்வோம், விலையில் பெரியது அதுதானே. முதல் இரண்டு மூன்று நாள் சுரப்பது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பிறந்த அன்று குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பதே ஒரு டீஸ்பூன் பக்கம்தான், அதாவது சுமார் 5 மில்லி. அந்த நேரத்தில் எலக்ட்ரிக் பம்பை மாட்டினால், வந்த கொஞ்சமும் புனலிலும் வால்விலும் ஒட்டிக்கொண்டு, பாட்டிலின் அடியில் ஈரம் மட்டும்தான் தெரியும். 150 மில்லி வரை கோடு போட்ட பாட்டிலில் அந்த ஈரத்தைப் பார்க்கிற பெண்ணுக்கும், கட்டில் பக்கத்தில் நிற்கிற பாட்டி, அத்தை எல்லோருக்கும் "பாலே ஊறவில்லை" என்று தோன்றிவிடும், அடுத்த அரை மணிக்குள் யாராவது ஒருவர் பவுடர் டின் வாங்கக் கீழே இறங்கிவிடுவார். வார்டில் நான் சலித்துப்போகும் அளவுக்குப் பார்த்த காட்சி இது. பாலும் இருந்திருக்கும், குழந்தைக்குப் போதுமானதாகவும் இருந்திருக்கும். அளக்க எடுத்த பாத்திரம்தான் தப்பு.

குழந்தை தூக்கக் கலக்கத்தில் சப்பவில்லை, அல்லது குறைமாதத்தில் பிறந்து என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கிறது, அதனால் சீம்பாலை எடுத்தே ஆக வேண்டும் என்றால் அதற்குக் கையைவிட நல்ல கருவி கிடையாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் ஓரத்தில் கட்டைவிரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்தி, அப்புறம் விரல்களை ஒன்றையொன்று பார்த்து அமுக்கி, விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது, விரல் தோலின் மேல் வழுக்கவும் கூடாது. முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஒன்றும் வராது, அதற்குள் மனம் தளர்ந்து கையை எடுத்துவிடாதீர்கள். வருகிற சொட்டுகளைக் கொதிக்க வைத்து ஆறிய ஒரு ஸ்பூனில் பிடித்து, அப்படியே குழந்தையின் உதட்டோரம் வைத்தால் நாக்கை நீட்டி எடுத்துக்கொள்ளும். குழாயில் ஒட்டி வீணாக ஒரு சொட்டும் இல்லை.

பம்பை முன்கூட்டியே வாங்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மார்பில் பொருத்துகிற அந்தப் புனல் 21, 24, 27 மில்லிமீட்டர் என்று பல அளவுகளில் வருகிறது. காம்பின் குறுக்களவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதுவோ பிரசவத்துக்குப் பிறகு மாறும். அளவு பொருந்தாவிட்டால் வலிக்கும், பாலும் குறைவாக வரும், பழி என்னவோ உங்கள் உடம்பின் மேல்தான் விழும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாட்டில் வார்மர் வேண்டாம், ஒரு சொம்புச் சுடுதண்ணீருக்குள் கிண்ணத்தை வைத்தால் அதே வேலை நடக்கும். ஸ்டெரிலைசரும் வேண்டாம், மூடி போட்ட பெரிய பாத்திரத்தில் சாமான் முழுகும்படி தண்ணீர் ஊற்றி 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். பாட்டிலும் பால் பைகளும் வேலைக்குத் திரும்பும்போது யோசிக்க வேண்டியவை. ஃபீடிங் தலையணை இருந்தால் வசதி, இல்லாவிட்டால் வீட்டுத் தலையணை இரண்டு போதும். சிசேரியன் ஆனால் மட்டும் தையல் மேல் குழந்தையின் கால் படாமல் இருக்க, குழந்தையைப் பக்கவாட்டில், கால் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி அக்குளுக்குள் அணைத்துப் பிடிப்பது சுலபம். அதற்கும் அதே தலையணைதான்.

கிரீம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காம்பு வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் குழந்தை காம்பை மட்டும் கவ்வுவது. வாய் அகலத் திறந்து, கருவளையத்தில் நல்ல பகுதி (மேலே இருப்பதைவிடக் கீழ்ப் பகுதி அதிகமாக) வாய்க்குள் போய், கீழுதடு வெளியே மடிந்து, தாடை மார்பில் ஒட்டியிருக்க வேண்டும். அது சரியாகாதவரை எத்தனை டியூப் தடவினாலும் மறுபடி மறுபடி வெடித்துக்கொண்டேதான் இருக்கும். பால் கொடுத்து முடித்ததும் கடைசிச் சொட்டுப் பாலையே தடவிக் காற்றில் உலர விடுங்கள். அப்படியும் எரிச்சல் நிற்காவிட்டால் லானோலின் கிரீம் ஒரு சின்ன டியூப் வாங்கிக்கொள்ளலாம்.

சரி, அப்படியானால் எதைத்தான் வாங்குவது? முன்பக்கம் ஜிப் வைத்த, துவைத்தால் சாயம் போகாத காட்டன் நைட்டி மூன்று நான்கு. கம்பி வைக்காத, மெத்தென்ற ஃபீடிங் பிரா இரண்டே இரண்டு, அதுவும் கொஞ்சம் லூசாக. பிறந்த மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் நிறையக் கட்டும்போது அளவு மாறிவிடும், மிச்சத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். பால் கசிந்தால் உள்ளே வைக்கத் துவைத்து உபயோகிக்கும் துணிப் பேட். தாத்தாவின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, துவைத்து, வெயிலில் காயவைத்த துண்டுகள், எண்ணிக்கையே கிடையாது, எவ்வளவு இருந்தாலும் தீரும். ஒரு கையால் திறக்கிற மாதிரி பெரிய தண்ணீர் பாட்டில், ஏனென்றால் பால் கொடுக்க உட்கார்ந்த நிமிடம்தான் தொண்டை வறளும், இன்னொரு கையில் குழந்தை இருக்கும். இவ்வளவுதான்.

மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல பாலூட்டல் ஆலோசகரின் நம்பரை இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த செக்கப்பில் மருத்துவமனையில் சில கேள்விகள் கேளுங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போடுவீர்களா, சிசேரியன் என்றாலும்? குழந்தை என் பக்கத்திலேயே இருக்குமா, தனி அறைக்குக் கொண்டுபோவீர்களா? ராத்திரி 2 மணிக்குக் குழந்தை மார்பைக் கவ்வவில்லை என்றால் எந்த நர்ஸ் வந்து காட்டுவார்? இதற்கெல்லாம் "பாத்துக்கலாம்மா" என்று பதில் வந்தால் ஒரு பாட்டிலுக்குக் கவலைப்படுவதைவிட இதற்கு அதிகம் கவலைப்பட வேண்டும்.

குழந்தைக்குத் தாய்மாமன் சீராக வெள்ளிச் சங்கு வரப்போகிறது. அதில்தான் பால் புகட்ட வேண்டும், பிறந்ததும் முதலில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்க வேண்டும் என்கிறார் மாமியார். பாட்டிலைவிடச் சங்கு நல்லதா? – வாசகி, மதுரை

பாட்டிலா சங்கா என்றால் சங்குதான், தயங்காமல் சொல்வேன். குறைமாதக் குழந்தைகள் வார்டில் நாங்கள் உபயோகிக்கிற பாலாடையும் சங்குக்கு உறவுதான்: மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். வழவழவென்று இருப்பதால் கழுவுவது எளிது, கிருமி ஒளிந்துகொள்ள மூலை கிடையாது, ரப்பரைச் சப்பிப் பழகி மார்பை மறக்கிற பிரச்சினையும் இல்லை. ஆனால் ஒன்று, மார்பில் நேரடியாகக் குடிக்கிற குழந்தைக்குச் சங்கும் தேவையில்லை. பீய்ச்சிய பாலைப் புகட்ட வேண்டிய நிலை வந்தால்தான் அதற்கு வேலை.

நம் வீடுகளில் சங்கில் புகட்டுகிற முறையைத்தான் மாற்ற வேண்டும். காலை நீட்டி, குழந்தையை மல்லாக்கப் போட்டு, அழுகிற வாயில் கடகடவென்று ஊற்றுவது ஆபத்து, பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். குழந்தை விழித்திருக்கும்போது, தலையும் முதுகும் நிமிர்ந்திருக்கும்படி மடியில் பாதி உட்கார்ந்த நிலையில் பிடித்து, சங்கின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்த்துவிட்டுக் காத்திருங்கள். அதுவாக விழுங்கும். விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த மடக்கு. வெள்ளிச் சங்கில் பூவேலைப்பாடு இருந்தால் அந்த இடுக்குகளில் பால் படியும், வேலைப்பாடு இல்லாததாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், அல்லது வெள்ளியைப் பெட்டியில் வைத்துவிட்டு ஸ்டீல் பாலாடையை உபயோகியுங்கள். எதுவானாலும் ஒவ்வொரு முறையும் கொதிக்க வைத்துத்தான்.

சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப் பால், எதுவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி ஒரு வயதுக்குள் குழந்தையின் நரம்புகளைப் பாதித்து உடம்பைத் துவளச் செய்துவிடும், இது அபூர்வம் என்றாலும் விளையாட்டில்லை. ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம், மதுரை சித்திரை வெயிலானாலும் சரி, தாய்ப்பாலில் பெரும்பங்கு தண்ணீர்தான். மாமியாரிடம் நேராக மறுத்துப் பேச முடியாது என்றால் "முதல் சொட்டு சீம்பாலை நீங்களே உங்கள் கையால் சங்கில் வையுங்கள் அத்தை" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு வேண்டியது அந்த முதல் உரிமை, சர்க்கரை இல்லை.

தனியார் நிறுவனத்தில் வேலை. பிரசவத்துக்கு முன்பே ஒரு மாத லீவு போய்விட்டதால் குழந்தைக்கு 5 மாதம் ஆகும்போது ஆபீஸ் போயாக வேண்டும். தோழி தன் பழைய எலக்ட்ரிக் பம்பைச் சும்மா தருகிறேன் என்கிறாள். வாங்கிக்கொள்ளலாமா? பாலை எப்படி எடுத்து வைப்பது? – வாசகி, சென்னை

உங்களுக்குப் பம்ப் தேவை, ஆனால் இப்போது இல்லை. ஆபீஸ் போவதற்கு மூன்று நான்கு வாரம் முன்னால் வாங்கினால் போதும். தோழியின் பம்பைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்: பால் போகிற பக்கத்துக்கும் மோட்டாருக்கும் நடுவில் தடுப்பு இருக்கிறதா? அது இல்லாத பம்புகளில் பால் துளி மோட்டார் வரை போய், உள்ளே பூஞ்சை பிடித்தாலும் நமக்குத் தெரியாது, கழுவவும் முடியாது. அப்படிப்பட்டது என்றால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தடுப்பு இருந்தால் மோட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு புனல், குழாய், வால்வு எல்லாம் உங்கள் அளவுக்குப் புதிதாக வாங்குங்கள். வால்வு தேய்ந்தால் இழுப்பு குறையும், "பால் குறைந்துவிட்டது" என்று என்னிடம் வருகிறவர்களில் சிலருக்கு ஒரு வால்வை மாற்றினதும் பால் "ஊறிவிட்டது".

நீங்கள் நினைக்கிற அளவுக்கு நிறைய எடுக்க வேண்டியிருக்காது. ஒரு மாதம் போனால் திட உணவு ஆரம்பிக்கும். ஆபீஸில் இரண்டு முறை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், அதற்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுக்கிற பம்ப் நேரத்தை மிச்சப்படுத்தும். சட்டப்படி, வேலைக்குத் திரும்பிய பிறகு குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான ஓய்வு நேரம் போக தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை உங்களுக்கு உண்டு. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும், நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரத் தாய்க்கு அனுமதி உண்டு. எச்.ஆரிடம் மெயிலாகவே கேளுங்கள். பாலெடுக்கப் பாத்ரூமைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், யாராவது பாத்ரூமில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பார்களா?

எடுத்த பால் 25 டிகிரிக்குள் இருக்கிற அறையில் 4 மணி நேரம் தாங்கும். சென்னையில் ஏசி இல்லாத அறை 25 டிகிரி கிடையாது, அதனால் எடுத்ததும் பிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். பிரிட்ஜில் 4 நாள், அதுவும் கதவில் இல்லாமல் உள்ளே பின்பக்கமாக. வீட்டுக்குக் கொண்டுவர ஐஸ் பேக் போட்ட பை போதும். பிளாஸ்டிக் பையே வேண்டும் என்றில்லை, இறுக்க மூடுகிற சின்ன ஸ்டீல் டப்பாவோ கண்ணாடி டப்பாவோ நல்லது, மேலே தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள். ஆடை தனியாக மேலே மிதக்கும், கெட்டுப்போய்விட்டது என்று பாட்டி கொட்டிவிடாமல் முன்பே சொல்லி வையுங்கள், மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் காய்ச்சவோ மைக்ரோவேவில் வைக்கவோ கூடாது. குழந்தை குடித்து வைத்த மிச்சத்தை 2 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம்.

பாட்டில்? 5 மாதக் குழந்தை சின்ன டம்ளரிலேயே குடிக்கும், கொஞ்சம் சிந்தும், அவ்வளவுதான். இரண்டு வாரம் முன்பிருந்தே பாட்டியை விட்டுப் பழக்கச் சொல்லுங்கள், நீங்கள் அந்த அறையில் இருக்காதீர்கள், உங்கள் வாசனை வந்தால் டம்ளரை யார் மதிப்பார்கள்.

எனக்கு ஒரு பக்கக் காம்பு உள்வாங்கி இருக்கிறது. இப்படி இருந்தால் நிப்பிள் ஷீல்டு (காம்பின் மேல் பொருத்துகிற மெல்லிய உறை) வாங்கியே ஆக வேண்டும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. – பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

கூச்சமே வேண்டாம், நிறையப் பேருக்கு இருப்பதுதான். குழந்தை காம்பைச் சப்பிக் குடிப்பதில்லை, கருவளையத்தோடு சேர்த்துக் கவ்வித்தான் குடிக்கிறது, அதனால் உள்வாங்கிய காம்போடு நன்றாகப் பால் கொடுக்கிறவர்கள் ஏராளம். கர்ப்ப காலத்தில் இழுத்துவிடுகிற வேலையெல்லாம் வேண்டாம்.

பிறந்த பிறகு தேவைப்பட்டால் ஊசி போடுகிற 10 அல்லது 20 மில்லி சிரிஞ்சு ஒன்றே போதும், சில ரூபாய்தான். ஊசி மாட்டுகிற முனையை வெட்டிவிட்டு, பிஸ்டனை வெளியே உருவி, வெட்டிய பக்கமாகத் திரும்பச் செருக வேண்டும். இப்போது வெட்டாத வழவழப்பான பக்கம் மார்பை நோக்கி இருக்கும். அதைக் காம்பின் மேல் பொருத்தி, வலிக்காத அளவுக்கு மெதுவாக இழுத்து, அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் பிடித்திருந்து, எடுப்பதற்கு முன் பிஸ்டனைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட வேண்டும். காம்பு வெளியே வந்ததும் உடனே குழந்தையைப் போடுங்கள். முதல் முறை நர்ஸை வைத்துச் செய்யுங்கள், அரசு மருத்துவமனை நர்ஸுகளுக்கு இது கைவந்த வேலை. ஷீல்டைக் கடையில் நீங்களாகப் போய் வாங்காதீர்கள், ஆள் பக்கத்தில் இருந்து பொருத்திக் காட்டினால் உதவும், இல்லாவிட்டால் பால் சரியாக இறங்காமல் குழந்தை எடை குறையும்.

மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். எதற்கும் ஒரு பவுடர் டின்னும் பாட்டிலும் வீட்டில் வாங்கி வைக்கலாமா? அப்பாவாக நான் வேறு என்ன வாங்கலாம்? – வாசகர், ஓசூர்

வேண்டாம். வீட்டில் டின் இருந்தால் ராத்திரி 3 மணிக்குக் குழந்தை அழும்போது அது கண்ணில் படும். ஒரு முறை பவுடர் கொடுத்தால் அந்த வேளை மார்பு காலியாகாது, காலியாகாத மார்பில் சுரப்பு குறையும், அடுத்த நாள் இன்னும் ஒரு முறை பவுடர். இந்தியாவில் 1992 முதல் ஒரு சட்டம் இருக்கிறது, பால் பவுடருக்கும் பாலூட்டும் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது, தாய்மார்களுக்கு இலவச சாம்பிள் தரக் கூடாது. எந்த மருத்துவமனையிலாவது, மெடிக்கலிலாவது "சும்மா வைத்துக்கொள்ளுங்கள்" என்று டின் நீட்டினால் அது சட்டப்படி தப்பு. தமிழக அரசு 2015-இல் அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்த பரிசுப் பெட்டகத்தில் கொசு வலை, கிலுகிலுப்பை, நகவெட்டி, தாய்க்கு லேகியம் வரை இருந்தது, பால் பாட்டில் கிடையாது.

பால் போதுமா என்ற பயத்துக்குக் கணக்கு இருக்கிறது. நாளுக்கு 8 முதல் 12 முறை பால் கொடுத்தால், ஐந்தாம் ஆறாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போக வேண்டும், முதல் சில நாளில் குறைந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்ப வந்துவிட வேண்டும். இது நடந்தால் பால் போதும், அழுகை வேறு எதற்கோ. சிறுநீர் குறைந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டு தூங்கினாலோ, மஞ்சள் அதிகமானாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். அவர் பார்த்துவிட்டுப் பவுடர் வேண்டும் என்றால் குற்ற உணர்ச்சி இல்லாமல் கொடுங்கள், சில வீடுகளில் அது உண்மையாகவே தேவைப்படும். கொதித்த தண்ணீரை அரை மணி நேரத்துக்குள், நல்ல சூடு இருக்கும்போதே ஊற்றிக் கலக்கி, ஆற வைத்து, பாலாடையில் புகட்டுங்கள். ஒரு கரண்டிக்கு எவ்வளவு தண்ணீர் என்று டின்னில் போட்டிருப்பதை மாற்றக் கூடாது, டின் சீக்கிரம் தீர்கிறதே என்று தண்ணீரைக் கூட்டுவது குழந்தையைப் பட்டினி போடுவதுதான்.

நீங்கள் வாங்க வேண்டியது காய்கறி, முட்டை, பழம், பால். அப்புறம் குழந்தை குடித்து முடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பது, ஈரத் துணி மாற்றுவது, வருகிற சொந்தக்காரர்களைப் பத்து நிமிடத்தில் மரியாதையாக எழுப்பி அனுப்புவது. கடைசியில் சொன்னதற்கு உங்களைவிட்டால் வீட்டில் வேறு ஆள் இல்லை.

வளைகாப்புக்கு ஃபீடிங் தலையணை பரிசாக வந்துவிட்டது. தேவையில்லை என்று யாருக்காவது கொடுத்துவிடவா? – வாசகி, திருநெல்வேலி

வைத்துக்கொள்ளுங்கள், சும்மா வந்ததை ஏன் விட வேண்டும். தலையணையின் உயரத்துக்கு நீங்கள் குனியாமல், முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, குழந்தையின் மூக்கு காம்புக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். தாழ்வாக இருந்தால் கீழே ஒரு துண்டை மடித்து வையுங்கள். உறையைக் கழற்றித் துவைக்க முடிகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், பால் வாடை சீக்கிரம் ஏறும். குழந்தையை மட்டும் அதன் மேல் தூங்க வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள், முகம் புதைந்தால் மூச்சு முட்டும். பால் குடித்தபடியே தூங்கிவிட்டால் எடுத்துச் சமமான விரிப்பில் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.